அ-ஹ என்றால் ஆமாம், அ-அ என்றால் இல்லை: ஓர் ஆங்கில ஒலிச்சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

"பசிக்குதா?" என்று கேட்டால் நம் வீட்டுக் குழந்தை "ஊஹும்" என்று தலையை ஆட்டும். பசிக்கவில்லை என்று அர்த்தம். அமெரிக்கக் குழந்தையிடம் இதே கேள்வியைக் கேட்டு, கிட்டத்தட்ட இதே ஒலி பதிலாக வந்தால் உடனே தட்டைப் போட வேண்டியதுதான். அங்கே அது 'ஆமாம்'.

ஆங்கிலத்தில் இதற்கு ஐந்து எழுத்து. யூ, எச், நடுவில் ஒரு சிறுகோடு, அப்புறம் எச், யூ, எச். அகராதிகளில் தனிச்சொல்லாகவே இருக்கிறது. வெளிநாட்டு கிளையன்ட்டோடு பேசுகிறவர்கள், சப்டைட்டில் போடுகிறவர்கள், ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டில் படிக்கப் போன பிள்ளைகள் என்று எல்லோரும் தினமும் கேட்கிற ஒலி இது. பள்ளிக்கூடத்தில் மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. 'இதெல்லாம் ஒரு சொல்லா?' என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்ள வைக்கிற சொல் வேறு எத்தனை இருக்கிறது?

தமிழ் எழுத்தில் இவற்றைச் சரியாகப் பிடிப்பது கஷ்டம். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். 'ஆமாம்' என்ற பொருளில் வரும் ஒலியை அ-ஹ என்று எழுதுகிறேன். 'இல்லை' என்ற பொருளில் வருவது அ-அ. ஆங்கிலத்தில் யூ, எச், சிறுகோடு, யூ, எச். வாயை மூடிக்கொண்டு சொல்லும் 'ஆமாம்' ம்-ஹ்ம். மூடிய வாயோடு வரும் 'இல்லை' ம்-ம், ஆங்கிலத்தில் எம், எம், சிறுகோடு, எம், எம்.

படி 1: எழுத்துகளைப் பிரித்துப் பாருங்கள்

அ-ஹ-வில் மூன்று எச் இருக்கின்றன. ஒலிப்பது நடுவில் உள்ள ஒன்று மட்டும்தான். முதல் எச்சும் கடைசி எச்சும் யூ-வுக்குக் காவலாக நிற்கின்றன. யூ தனியாக நின்றால் படிப்பவர் அதை 'யூ' என்று வாசித்துவிடலாம். பக்கத்தில் எச் இருந்தால் 'கப்' என்ற சொல்லில் வரும் குறில் அ என்று தெரியும். ஆக, சொல்ல வேண்டியது அ, ஹ. அவ்வளவுதான்.

நம்மவர்கள் பலர் யூ-வைப் பார்த்ததும் 'உஹ்-ஹுஹ்' என்று படிப்பார்கள். கேட்பவருக்கு இருமல் மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம், கடைசி எழுத்தை நீட்டி 'அஹா' என்று சொன்னால் அது வேறு சொல்லாகிவிடும். ஏ, எச், ஏ என்று மூன்றெழுத்தில் எழுதப்படும் அது, 'பிடிச்சுட்டேன், இதுதான் விஷயமா!' என்கிற தருணத்துக்கு உரியது. நம் ஆஹா பாராட்டு. அவர்கள் அஹா கண்டுபிடிப்பு.

சிறுகோட்டை விட்டுவிடாதீர்கள். இடைவெளி விட்டு இரண்டு துண்டாக எழுதினாலும் புரியும், சாட்டில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒட்டி ஒரே சொல்லாக எழுதினால் நடுவில் இரண்டு எச் முட்டிக்கொண்டு கண் தடுமாறும். பழைய எழுத்துகளில் இடையில் ஓர் 'என்' சேர்த்து எழுதுவதும் உண்டு. ஃபோன் உரையாடல்களைப் பதிவு செய்து ஆங்கில இலக்கணம் எழுதிய சார்ல்ஸ் ஃப்ரீஸ், 1952இல் வந்த தம் நூலில் இந்த ஒலியை என் சேர்த்தேதான் எழுதினார். காரணம் இல்லாமல் இல்லை. அ-ஹ பாதி மூக்கால் சொல்கிற ஒலி. அந்த மூக்கொலியைக் காட்ட ஆங்கில நெடுங்கணக்கில் வேறு வழி கிடையாது.

படி 2: நடுவில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

அ-ஹ, அ-அ இரண்டும் இரண்டு அசைதான். இரண்டிலும் உயிரொலி ஒன்றேதான். வித்தியாசம் நடுவில். அ-ஹ-வில் முதல் அசையிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம்தான் ஹ. அ-அ-வில் மூச்சு நடுவில் சட்டென்று அடைபடும். தொண்டையில் குரல்நாண்கள் ஒரு கணம் இறுக மூடித் திறக்கும். கனமான தண்ணீர்க்குடத்தைத் தூக்கும் முன் மூச்சை அடக்குவோமே, அதே அடைப்பு, கண்ணிமைக்கும் நேரத்துக்கு. மொழியியல் பாடங்களில் இதைக் குரல்வளை அடைப்பொலி என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணங்களில் இந்த அ-அ-வும் ஒன்று.

சோதித்துப் பாருங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலை மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்துக்கொண்டு ம்-ஹ்ம் சொல்லுங்கள். நடுவில் விரல்மேல் மெல்லிய காற்று படும். இப்போது ம்-ம் சொல்லுங்கள், நடுவில் வெட்டி. காற்று நின்று மறுபடி வரும். அந்தச் சின்ன ஊதல் இருக்காது. காற்று பட்டால் ஆமாம், வெட்டுப்பட்டால் இல்லை.

சரி, நமக்கு ஏன் இது குழப்புகிறது? தமிழில் 'ஊஹும்', 'ம்ஹும்' இரண்டிலும் நடுவில் ஹ இருக்கிறது, இரண்டும் மறுப்பு. நடுவில் ஹ கேட்டதும் 'வேண்டாம் என்கிறார்' என்று நம் காது முடிவு கட்டிவிடுகிறது. ஆங்கிலக் காது அதே ஹ-வைக் கேட்டு 'சரி என்கிறார்' என்று எடுத்துக்கொள்கிறது. தவறு இரண்டு பக்கமும் நடக்கும். அவர்கள் சொன்ன ஆமாமை நாம் மறுப்பாக எடுத்துக்கொள்வது ஒன்று. நாம் பழக்கதோஷத்தில் சொல்லும் 'ம்ஹும்' அவர்கள் காதில் சம்மதமாக விழுவது இன்னொன்று. ஃபோன் பேச்சில் இரண்டாவதுதான் ஆபத்து. நேரில் என்றால் தலையசைப்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் நம்முடைய தலையசைப்பு வெள்ளைக்காரர்களுக்குத் தனிப் புதிர், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

படி 3: ஏற்ற இறக்கத்தைப் பழகுங்கள்

நடு ஒலி சரியாகக் கேட்காத இடங்களில் காதுக்குக் கைகொடுப்பது ராகம்தான். அ-ஹ கீழே தொடங்கி மேலே போகும். அழுத்தம் இரண்டாவது அசையில். அ-அ பெரும்பாலும் மேலே தொடங்கிக் கீழே இறங்கும். லைன் இரைச்சலாக இருந்தாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அ-ஹ-வை இறங்கும் குரலில், சோம்பலாக, இழுத்துச் சொன்னால் அது சம்மதமாக இருக்காது. 'ஆமாமா, நீ சொன்னா சரிதான்' என்று நாம் உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்வோமே, அந்த ரகம். பையன் 'வீட்டுப்பாடம் எல்லாம் முடிச்சிட்டேன்மா' என்கிறான். அம்மா புருவத்தைத் தூக்கிக்கொண்டு நீட்டி ஓர் அ-ஹ போடுகிறாள். நம்பவில்லை என்று பொருள். சப்டைட்டில் எழுதுபவர்கள் இங்கே 'ஆமாம்' என்று போட்டால் காட்சியே கெட்டுவிடும். 'அப்படியா?' அல்லது 'நம்பிட்டேன்' என்று போட வேண்டும்.

படி 4: பொருள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆமாம்-இல்லை கேள்விக்கு விடையாக வருவது முதல் பொருள். "கார் சாவியை எடுத்துக்கிட்டியா?" "அ-ஹ." இதில் விளக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது பொருள்தான் அதிகம் புழங்குகிறது: 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்'. தமிழில் இதற்கு அருமையான பெயர் இருக்கிறது. உம் கொட்டுவது. பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளைகள் உம் கொட்ட வேண்டும், நின்றுவிட்டால் 'தூங்கிட்டியா?' என்று கேட்பார். அமெரிக்கரின் அ-ஹ-வும் ம்-ஹ்ம்-உம் செய்வது இதையேதான். எதையும் ஒப்புக்கொள்வதில்லை, எதையும் மறுப்பதில்லை. இமானுவேல் ஷெக்லாஃப் என்ற சமூகவியலாளர் 1982இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இப்படிப்பட்ட ஒலிகளை 'தொடரச் செய்பவை' என்ற வகையில் வைத்தார். பேசும் முறை தன்னிடம் வரக்கூடிய இடத்தில், 'எனக்கு வேண்டாம், நீங்களே பேசுங்கள்' என்று கேட்பவர் விட்டுக்கொடுப்பதற்கான அடையாளம் என்பது அவர் விளக்கம்.

இதை வேலையில் இருப்பவர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். விலை, கெடு எல்லாவற்றையும் நீங்கள் விளக்குகிறீர்கள். எதிர்முனையில் வரிசையாக அ-ஹ, அ-ஹ என்று வருகிறது. 'எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டார்' என்று டீமுக்கு மெயில் அனுப்பிவிடாதீர்கள். அவர் உம்தான் கொட்டியிருக்கிறார். சம்மதம் வேண்டுமென்றால் கடைசியில் நேராகக் கேட்டு, சொல்லாகப் பதிலை வாங்குங்கள்.

மூன்றாவது, நன்றிக்குப் பதில். கடையில், காபி ஷாப்பில், நூலகத்தில் 'தேங்க் யூ' என்று சொன்னால் அமெரிக்காவில் பலர், குறிப்பாக இளையவர்கள், 'யூ ஆர் வெல்கம்' என்று முழுசாகச் சொல்வதில்லை. ஒரு ம்-ஹ்ம், ஒரு அ-ஹ. புதிதாகப் போனவருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அவமரியாதை ஒன்றும் இல்லை. 'பரவாயில்லை' என்பதற்கு நாம் கையை லேசாக அசைப்பது போல எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, நம்பாத அ-ஹ. மேலே பார்த்தாயிற்று.

படி 5: உம் கொட்டும் இடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

விக்டர் இங்வே என்ற மொழியியலாளர் 1970இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இருவர் பேசும்போது ஒருவர் பேசும் பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில், கேட்பவரிடமிருந்து சின்னச் சின்ன ஒலிகள் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அது பின்வாய்க்கால் என்றார். இந்தப் பின்வாய்க்கால் வறண்டால் பேசுபவர் தடுமாறுவார். இரண்டு மூன்று வாக்கியம் சொல்லியும் எதிர்முனையில் சத்தமே இல்லையென்றால் 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா?' என்று கேட்கத்தானே செய்வோம்?

நம்மில் பலர் ஆங்கிலம் பேசும்போது கவனமெல்லாம் அடுத்து என்ன வாக்கியம் சொல்வது என்பதிலேயே இருக்கும். அதனால் கேட்கும்போது மௌனமாகிவிடுவோம். பேசுபவருக்கு அது அக்கறையின்மையாகத் தோன்றும். இலக்கணப் பிழையைவிட இந்த மௌனம் அதிகக் கெடுதல் செய்யும் என்பது என் கருத்து.

எங்கே போடுவது? பேசுபவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில். ஒரு பட்டியல் சொல்கிறார் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் பின். ஃபோன் எண் சொல்கிறார் என்றால் மூன்று நான்கு எண்களுக்கு ஒருமுறை நிறுத்துவார். அந்த நிறுத்தம் உங்கள் அ-ஹ-வுக்காகவே. வாக்கியத்தின் நடுவில், வினைச்சொல் வருவதற்கு முன் போட்டால் அவசரப்படுத்துவது போல ஆகிவிடும்.

ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஐந்து முறை தொடர்ந்து அ-ஹ வந்தால் 'இவர் வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறார்' என்ற சந்தேகம் வரும், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். இடையில் 'ரைட்', 'ஐ ஸீ', 'ஓகே' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு நுட்பம்: கேய்ல் ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர் உண்மையான உரையாடல்களை நுணுக்கமாகப் பார்த்து 1984இல் காட்டியது. 'யா' என்று சொல்பவர் பெரும்பாலும் தானே பேசத் தயாராகிறார். 'ம்-ஹ்ம்' சொல்பவர் கேட்டுக்கொண்டேயிருக்கத் தயாராக இருக்கிறார். மீட்டிங்கில் உங்களுக்கு ஒரு கருத்து சொல்ல வேண்டும், இடமே கிடைக்கவில்லை என்றால் ம்-ஹ்ம்-ஐ விட்டு 'யா'வுக்கு மாறிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் வழிவிடுவார்.

படி 6: பக்கத்து வீட்டுக்காரர்களை அடையாளம் காணுங்கள்

அ-ஓ. யூ, எச், சிறுகோடு, ஓ, எச். இதிலும் நடுவில் வெட்டு உண்டு. 'ஐயையோ, மாட்டிக்கிட்டோம்' என்பது பொருள். பால் பொங்கி வழியப் போகிறது, தவறான ஆளுக்கு மெயில் போய்விட்டது, இப்படிப்பட்ட சில்லறைச் சங்கடங்களுக்குத்தான். ஒருவர் வீட்டில் மரணம் என்று கேட்டு அ-ஓ என்றால் மகா அபத்தம்.

ஹஹ். எச், யூ, எச். 'ஆங்? என்ன சொன்னீங்க?' என்று திரும்பக் கேட்பதற்கு. மார்க் டிங்கமன்சே, ஃபிரான்சிஸ்கோ டொரேரா, நிக் என்ஃபீல்ட் மூவரும் பத்து மொழிகளை ஒப்பிட்டு, இந்த ஒலியும் இதன் வேலையும் எல்லாவற்றிலும் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன என்று 2013இல் எழுதினார்கள். கானாவின் சிவு, லாவோ, ஐஸ்லாந்து மொழி, சீனம் எல்லாம் அந்தப் பத்தில் உண்டு. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு, இலக்கியப் பிரிவில், 2015இல் இதற்குக் கிடைத்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் நம் 'ஆங்?' எளிதாகப் பொருந்தியிருக்கும். ஹஹ் மரியாதைச் சொல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலதிகாரியிடம் 'ஸாரி?' அல்லது 'பார்டன்?' என்று கேளுங்கள். வாக்கியத்தின் கடைசியில் சேர்த்தால் அதே ஹஹ் 'இல்லையா?' என்றாகும்: 'இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, ஹஹ்?'

அப்புறம் தயங்கும்போது வரும் ஒலிகள். அமெரிக்கர்கள் யூ-எச் என்றும் யூ-எம் என்றும் எழுதுவதை பிரிட்டிஷ்காரர்கள் இ-ஆர் என்றும் இ-ஆர்-எம் என்றும் எழுதுவார்கள். லண்டன் பக்கம் பேச்சில் அந்த ஆர் ஒலிக்காது. ஆகவே ஆங்கிலக் கதைகளில் அடிக்கடி வரும் இ-ஆர்-ஐ 'எர்' என்று ரகரத்தோடு படிக்க வேண்டியதில்லை, 'அ...' என்று நாம் இழுப்போமே, அதுதான். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, 'அஹ்' (யூ-எச்) வந்தால் சின்னத் தாமதமும் 'அம்' (யூ-எம்) வந்தால் கொஞ்சம் பெரிய தாமதமும் பின்னால் வரும் வாய்ப்பு அதிகம்.

ஹ்ம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அதை எழுத்துப் படியில் வைத்துக்கொள்வோம்.

படி 7: சொல்லவே கூடாத இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

எதிர்மறைக் கேள்வி முதலில். 'நீங்க நாளைக்கு வரலையா?' என்று கேட்டால் தமிழில் 'ஆமா, வரலை' என்போம். கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பதில் 'நோ, ஐ ஆம் நாட்'. இப்படிப்பட்ட கேள்விக்கு அ-ஹ என்று மட்டும் சொன்னால் வருகிறீர்களா, வரவில்லையா என்று ஆங்கிலம் பேசுபவருக்கே புரியாது. நம்முடைய தமிழ்ப் பழக்கமும் சேர்ந்தால் குழப்பம் இரட்டிப்பு. கேள்வியில் 'நாட்' காதில் விழுந்தால் ஒலிச்சொல்லை மறந்துவிட்டு முழு வாக்கியமாகப் பதில் சொல்லுங்கள்.

அடுத்தது சட்டம். அமெரிக்காவில் வழக்கு விசாரணைக்கு முன் டெபொசிஷன் என்று ஒன்று நடக்கும். சாட்சியிடம் வழக்கறிஞர்கள் கேள்வி கேட்பார்கள், சுருக்கெழுத்தர் சொல் சொல்லாகப் பதிவு செய்வார். கேள்வி தொடங்கும் முன்பே வழக்கறிஞர் வழக்கமாகச் சொல்லிவிடுவது: தலையாட்ட வேண்டாம், அ-ஹ, அ-அ வேண்டாம், 'எஸ்', 'நோ' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணம் தாளில் தெரியும். பல சுருக்கெழுத்தர்கள் மறுப்பை எச்-யூ-எச், சிறுகோடு, யூ-எச் என்று எழுதுவார்கள். ஆமாமுக்கு உள்ள அதே ஐந்து எழுத்து, இரண்டு துண்டும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு விரல் தவறினால் சாட்சியம் தலைகீழ்.

விமானிகளின் ரேடியோ பேச்சிலும் இதே கதை. சர்வதேச விதிமுறைப்படி அங்கே 'அஃபர்ம்', 'நெகட்டிவ்' என்ற சொற்கள்தான். இரைச்சலில் ஒரு மூக்கொலியை நம்பி யாரும் ஓடுபாதையில் இறங்க முடியாது.

மருத்துவரிடம் பேசும்போதும் வார்த்தையாகவே சொல்லிவிடுவது நல்லது. இப்போது மருத்துவமனைகளில் டாக்டரும் நோயாளியும் பேசுவதை மென்பொருளே கேட்டுக் குறிப்பெழுதும் முறை பரவி வருகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட பேச்சுணர் மென்பொருள்களைச் சோதித்தார்கள். மற்ற சொற்களை ஓரளவு நன்றாகவே பிடித்தவை, ம்-ஹ்ம், அ-அ போன்றவற்றில் மிக மோசமாகக் கோட்டைவிட்டன. 'மாத்திரையைத் தவறாம போடுறீங்களா?' என்பதற்கு வந்த பதில் அந்த ஒலி மட்டும்தான் என்றால், குறிப்பில் பதிலே இருக்காது.

நேர்முகத்தேர்வு, விசா அலுவலகம் போன்ற இடங்களில் பொருள் குழப்பம் வராவிட்டாலும் மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். கேட்கும்போது ம்-ஹ்ம் போடுங்கள், தப்பில்லை. கேள்விக்குப் பதிலாக மட்டும் போடாதீர்கள்.

படி 8: எழுத்தில் கொண்டுவாருங்கள்

மெயிலில் இதற்கு இடமே இல்லை. சாட்டில் உண்டு, ஆனால் பார்த்து. பேச்சில் ராகம் இருக்கிறது, எழுத்தில் அது போய்விடுகிறது. ஒருவர் நீளமாக எழுதி அனுப்பியதற்குப் பதிலாக அ-ஹ மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், படிப்பவர் பெரும்பாலும் அதை நம்பாத அ-ஹ-வாகவே எடுத்துக்கொள்வார். 'யெஸ்' என்றோ 'யெப்' என்றோ எழுதிவிடலாம்.

ஹ்ம் விஷயத்துக்கு வருவோம். எச், எம், எம். இந்தியர்கள் சாட்டில் இதை நம் 'ம்' போல அடிக்கிறோம். 'நாளைக்குப் பத்து மணிக்கு' என்று வந்தால் ஹ்ம். சரி என்று அர்த்தம். அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ அதைப் படிக்கும்போது 'யோசிக்கிறார், ஏதோ இடிக்கிறது போல' என்று புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் ஹ்ம் தயக்கத்துக்கும் சந்தேகத்துக்கும் உரிய ஒலி. எம் கூடக் கூட சந்தேகமும் கூடும். நான்கு எம் போட்டுவிட்டால் 'இது தேறாது' என்று சொல்வது மாதிரிதான். 'பத்து மணி சரிப்படாதா? வேறு நேரம் பார்க்கலாமா?' என்று அவர் திரும்பக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். சம்மதத்தைத்தான் ஒலியாக எழுத வேண்டும் என்றால் எம், எம், சிறுகோடு, எச், எம், எம் என்று முழுசாக எழுதுங்கள்.

கதையிலோ நாடகத்திலோ உரையாடலாக வரும்போது, அ-ஹ-வுக்குப் பிறகு வாக்கியம் தொடர்ந்தால் காற்புள்ளி, தனியாக நின்றால் முற்றுப்புள்ளி. தொடக்கத்தில் வந்தால் முதல் யூ மட்டும் பெரிய எழுத்து; சிறுகோட்டுக்குப் பிறகு வரும் எச் சிறியதாகவே இருக்கும். தமிழுக்கு மொழிபெயர்க்கும்போது அ-ஹ-வை 'ஊஹும்' என்றோ ம்-ஹ்ம்-ஐ 'ம்ஹும்' என்றோ ஒலியைப் பார்த்துப் பெயர்த்துவிடாதீர்கள். 'ம்', 'உம்', 'ஆமா', 'ம்ம், சொல்லு' என்பவற்றில் பொருத்தமானதை எடுங்கள். மறுப்பான அ-அ-வுக்குத்தான் 'ஊஹும்'. டப்பிங் வசனங்களில் இந்தத் தலைகீழ் மாற்றத்தை இன்னும் பார்க்க முடிகிறது. படத்தில் தலை ஒரு பக்கம் ஆடும், குரல் இன்னொரு பக்கம் போகும்.

டிரான்ஸ்கிரிப்ஷன் செய்பவர்களுக்குக் கடைசியாக. சென்னையிலும் கோவையிலும் வீட்டிலிருந்தே இந்த வேலை பார்ப்பவர்கள் ஏராளம், அவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. முதலில் வேலை எந்த வகை என்று பாருங்கள். ஃபுல் வெர்பேட்டிம் என்றால் காதில் விழும் ஒவ்வொரு ஒலியும் தாளில் வர வேண்டும். கிளீன் வெர்பேட்டிம் என்றால் தயக்க ஒலிகளும் வெறும் உம் கொட்டல்களும் நீக்கப்படும். ஆனால் கேள்விக்கு விடையாக வந்த அ-ஹ-வையோ அ-அ-வையோ எந்த வகையிலும் நீக்கக்கூடாது. அது உம் கொட்டல் அல்ல, பதில். எழுத்துக்கூட்டலில் உங்கள் கிளையன்ட் கொடுத்த விதிக்குறிப்பே இறுதி. அது இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் சொன்ன நான்கு வடிவங்களையும் ஒரு கோப்பு முழுவதும் மாற்றாமல் பயன்படுத்துங்கள்.

ஆமாமா இல்லையா என்று ஒலியை வைத்துத் தீர்மானிக்க முடியாத இடம் வரும். பத்து தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, ஒலிப்பதிவில் அடுத்து வரும் கேள்வியைக் கவனியுங்கள். 'பென்சிலின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?' என்று டாக்டர் கேட்கிறார், நோயாளி ஏதோ முனகுகிறார். உடனே டாக்டர் 'என்ன ஆச்சு, தடிப்பு வந்ததா?' என்று கேட்டால் வந்த பதில் அ-ஹ. 'வேறு ஏதாவது மருந்து?' என்று கடந்துவிட்டால் பெரும்பாலும் அ-அ. பெரும்பாலும்தான், இந்த 'பெரும்பாலும்' மருத்துவக் கோப்பில் போதாது. அதனால் அங்கே ஊகித்து எழுதாமல், தெளிவில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, ஒலிப்பதிவில் அது வரும் நிமிடத்தையும் நொடியையும் பக்கத்தில் குறித்து அனுப்பிவிடுங்கள்.